கட்டிலருகே நிற்கும் பக்தி

1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே இருந்த சிறு கட்டியை ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். சில வாரங்களில் அது மறுபடி வளர்ந்தது. சென்னையிலிருந்து அறுவை மருத்துவர் வந்து பார்த்தார். சார்கோமா என்ற வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஒரே ஆண்டில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். நடுவில் ரேடியம் வைத்தார்கள். பச்சிலை, ஹோமியோபதி, ஆயுர்வேதம் என்று அன்பர்கள் ஆசைப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர் கையை நீட்டினார். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உயிர் பிரிந்தது. அதற்குச் சற்று முன்புவரை, வரிசையாக வந்தவர்களுக்குத் தரிசனம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீடுகளில் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே முதலில் எழுவது மருத்துவக் கேள்வி அல்ல. “யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கேன் இது?” என்று நோயாளி கேட்கிறார். பார்க்க வரும் உறவினர்களில் யாராவது ஒருவர் பதிலைக் கையோடு கொண்டுவருகிறார்: போன ஜென்மத்து வினை, குலதெய்வத்துக்கு வைத்த குறை, யாரோ விட்ட சாபம். சொல்பவர் கெட்டவர் அல்ல. காரணம் ஒன்று கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறவர். ஆனால் அந்தச் சொல், ஏற்கெனவே கீமோ தாங்கும் உடம்பின் மேல் குற்றவாளி என்ற பழியையும் ஏற்றிவிடுகிறது. ரமணருக்கு வந்தது எந்தப் பாவத்தின் சம்பளம்? ரத்தப் புற்றுநோயோடு வரும் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்தது? புகையிலை ஒரு காரணம், சில வைரஸ்கள் ஒரு காரணம், வயது ஒரு காரணம். செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழையும் ஒரு காரணம். இந்தப் பட்டியலில் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடும் இடமே கிடையாது.

வினைக் கொள்கையை நம்புகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. தன் செயலைத் தான் எண்ணிப் பார்ப்பதற்கு அது பெரிய துணை. அடுத்தவர் துன்பத்துக்கு விலைச்சீட்டு ஒட்ட அதை எடுத்தால்தான் கொடுமை. பெரியபுராணத்தில் மருள்நீக்கியாருக்கு, அதாவது பின்னாளில் அப்பர் என்று நாம் வணங்கும் திருநாவுக்கரசருக்கு, வந்த சூலை நோய் இறைவன் தந்தது என்றே சேக்கிழார் பாடுகிறார். மதம் மாறிப் போன தம்பி, தாளாத வயிற்று வலியோடு இரவில் அக்காள் வீட்டைத் தேடி வருகிறார். அக்காள் திலகவதியார் பழைய கணக்கைத் திறக்கவில்லை. திருநீறு கொடுத்தார், திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். நோய்க்குக் காரணம் சொல்லும் சமயம் ஒன்று, நோயாளியைக் கைபிடித்து அழைத்துப் போகும் சமயம் ஒன்று. புராணத்தில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் தம்பியைத் தாங்கியது இரண்டாவதுதான்.

இதை இன்னும் விரிவாகக் காட்டுவது காசிப்பூர். 1885-இல் ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் வலி தொடங்கியது. புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சிகிச்சைக்காகத் தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவின் சியாம்புகூருக்கும், அந்த டிசம்பரில் காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கும் அவரை மாற்றினார்கள். வீட்டு வாடகை மாதம் 80 ரூபாய். இல்லறத்துச் சீடர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விழுங்கக்கூடியதாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தார் சாரதா தேவியார். படிப்பையும் வீட்டையும் ஒதுக்கிவிட்டு வந்த இளைஞர்கள் முறைவைத்து இரவும் பகலும் விழித்திருந்தார்கள். வைத்தியம் பார்த்த மகேந்திரலால் சர்க்கார், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876-இல் நிறுவியவர். ராமகிருஷ்ணர் அவதாரம் என்ற பேச்சை ஒப்பாமல் சீடர்களோடு மணிக்கணக்கில் வாதாடுவார். நம்பாதவர் மருந்து கொடுத்தார், நம்பியவர்கள் கால் பிடித்துவிட்டார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி இரண்டு தரப்புக்கும் வேலை இருந்தது.

நோய் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம் அந்தச் சீடர்களிடமும் தலைகாட்டியது. குரு மிச்சம் வைத்த கஞ்சியை, எச்சில் கலந்திருந்தும், நரேந்திரர் எல்லோர் முன்னாலும் எடுத்துக் குடித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பின்னாளில் விவேகானந்தர் ஆனவர் அவர். இன்றும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் உண்டு. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

1886 ஆகஸ்ட் 16-இல் ராமகிருஷ்ணர் மறைந்தார். குணமாக்கும்படி காளி அன்னையிடம் வேண்டச் சொல்லிச் சீடர்கள் மன்றாடியும் நோய் தீரவில்லை. ஆனால் அந்த எட்டு மாதங்களில், ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்ட இளைஞர்கள் பிரிக்க முடியாத ஒரு கூட்டமாகிவிட்டார்கள். ராமகிருஷ்ண மடத்தின் துறவியர் சங்கம் அங்கேதான் வேர் பிடித்தது. கேட்ட வரம் கிடைக்காத இடத்தில் ஒரு சமூகம் பிறந்தது. பிரார்த்தனை வீணா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிரார்த்தனையை அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லி ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. தெரியாமல் ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம். கூடவே இன்னொரு ஆய்வையும் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 7 லட்சத்து 34 ஆயிரத்துக்கும் அதிகமான புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். திருமணமானவர்கள் அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு நோய் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. முழுச் சிகிச்சையும் கிடைத்திருந்தது. டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கவும், பாதியில் விட்டுவிடாமல் இழுத்துக்கொண்டு போகவும் ஆள் இருந்தது பெரிய காரணமாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து முகம் தெரியாதவர் செய்யும் ஜெபமும், பக்கத்தில் இருப்பவர் காட்டும் அக்கறையும் ஒன்றல்ல.

திருமணமானவர்களைப் பற்றிய அதே ஆய்வில், இந்த நன்மை பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாகக் கிடைத்திருந்தது. காரணம் நம் வீடுகளிலும் தெரியும். கணவனுக்கு நோய் என்றால் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்கிறாள். மனைவிக்கு நோய் என்றால் கீமோ முடிந்து திரும்பியவளே உலை வைக்கிறாள். குடும்பத்தின் ஆதரவு என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வேண்டுதல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீமோ ஏற்றிய பிறகு வரும் ஓரிரு வாரங்களில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது திருவிழாக் கூட்டமும் பட்டினியும் ஆபத்து, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விரதம் தவறினால் சாமி குத்தமாகுமோ என்று அஞ்சுகிறவர்கள் சமயபுரத்தை நினைக்கலாம். மாசி, பங்குனியில் 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பவள் அங்கே அம்மனேதான்; பக்தர்களுக்காக அவள் விரதம் காக்கிறாள். ரமலான் நோன்பிலும் நோயாளிக்குக் குர்ஆனே விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை விட்டுவிட்டு வா என்று எந்தச் சந்நிதியிலிருந்தும் குரல் வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் மனிதர்கள். வழக்கமான சிகிச்சையை ஒதுக்கி மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒரு குடும்பத் துயரத்திலிருந்து எழுந்ததுதான். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார். பணமில்லை என்பதால் சிகிச்சை நிற்கக் கூடாது என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

மருந்துச் செலவுக்கு இன்று அரசுக் காப்பீட்டு அட்டை ஓரளவு கைகொடுக்கிறது. அட்டையால் தர முடியாதது கூட வரும் ஆள். “கரண்ட் வைப்பது” என்று நோயாளிகள் சொல்லும் கதிர்வீச்சு, பலருக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் நீளும். மிஷினில் படுப்பது சில நிமிடம். போக வர ஒரு நாள் கூலி போய்விடும். தினமும் ஒரே மகன் லீவு போட முடியாது. தட்டணுக்கள் குறைந்தால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். தானமாகப் பெற்ற தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்குவதில்லை.

உங்கள் தெருவிலோ, கோயிலிலோ, பள்ளிவாசலிலோ, சர்ச்சிலோ சிகிச்சையில் இருப்பவர் ஒருவர் இருப்பார். ஏன் வந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். எந்தக் கிழமை ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். அந்தக் கிழமை கூடப் போங்கள்.