கேட்டு வாங்கிய நம்பிக்கை

கதை என்றாலே பொய்தானே, அதில் நல்ல பொய், கெட்ட பொய் என்று என்ன பாகுபாடு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தொழில் தர்மத்தைப் பற்றிய கேள்வி.

1992 அக்டோபர் 31 இரவு, பி.பி.சி. 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. ஆவி நடமாடும் வீடொன்றை ஆராய்வோரை நேரடியாகக் காட்டுவதுபோன்ற பாவனை. உண்மையில் முன்பே படமாக்கப்பட்டது. எழுதிய ஸ்டீபன் வோல்க்கின் பெயரைத் தொடக்கத்திலேயே காட்டினார்கள். ஆனால் நேயர்கள் நம்பிப் பழகிய மைக்கேல் பார்க்கின்சன், பார்க்கின்சனாகவே வந்து உட்கார்ந்திருந்தார். எழுத்தைவிட முகம் வலியதல்லவா? அதைப் பார்த்துப் பத்து வயதுச் சிறுவர் இருவர் அச்சத்தால் நோயுற்றதை 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது.

பாட்டியின் பேய்க்கதைக்கும் குழந்தை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் 'ஒரு ஊரிலே' என்று தொடங்கும்போதே அவள் அதன் சம்மதத்தைப் பெற்றுவிடுகிறாள். பயம் மிஞ்சினால் ஒளிந்துகொள்ள மடியும் இருக்கிறது. நம்பிக்கையைக் கேட்டு வாங்குவது கதை. கேளாமல் எடுத்துக்கொள்வது களவு.

"காண்பதையெல்லாம் நம்பாதே என்ற பாடத்தை அது புகட்டவில்லையா?" என்பீர்கள். புகட்டியிருக்கலாம். இன்று இணையத்தில் உலவும் ஆவி வேட்டைத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கும் அந்தப் பாடம் வேண்டியதுதான். ஆனால் அதற்கான கூலியைச் சிறுவர்களிடமா வசூலிப்பது?