பதினோராவது கேள்வி



எலியாஸ் தீர்க்கதரிசி மகா தைரியசாலி. ஆயினும் ஒருநாள் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி சர்வேசுரனை மன்றாடினார். அப்போது வந்த சம்மனசு அவரை வைதாரா? இல்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மறுபடியும் கொடுத்தார். பின்பு ஓரேப் மலையில் ஆண்டவரே அவரை விசாரித்தார். தீர்க்கதரிசி தம் துயரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

நம் வீடுகளிலோ குடிப்பவனை ஓயாமல் வைகிறோம். அவன் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தற்கொலையால் மாண்டவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் கணக்கு. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாமே. தேசமெங்கும் அவ்வாறு மாண்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்குக் குடியும் போதையும் காரணமென்று எழுதப்பட்டது. குடும்பச் சச்சரவு என்று எழுதப்பட்டவற்றுள் எத்தனையில் குடி மறைந்திருக்கிறதோ, சர்வேசுரனுக்கே வெளிச்சம்.

மது மனச்சோர்வை வளர்க்கிறது, நிதானத்தைப் பறிக்கிறது. அதன்மேல் கடனும், மில் வேலை போனதும், மனைவி தாய்வீடு சென்றதும் சேர்ந்துகொள்கின்றன. குடியை விட்ட ஆரம்ப நாட்களும், விட்டவன் மறுபடி விழுந்த நாளும்கூட ஆபத்தானவையே. “விட்டுவிட்டான், இனிக் கவலையில்லை” என்று இருந்துவிடாதீர்கள்.

குடியின் அளவை அறிய, உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. எத்தனை முறை, எவ்வளவு, மறுநாள் மனம் குத்தியதா என்றெல்லாம் கேட்கும். “சாக நினைத்தாயா?” என்ற கேள்வி அதில் இல்லை. அந்தப் பதினோராவது கேள்வியை வைத்தியரும் கேட்கவேண்டும், வீட்டாரும் கேட்கவேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்கப்பட்டவனுக்குப் பாரமே குறைகிறது. அவன் தெளிவாயிருக்கும் வேளையில், தனியே, சாந்தமாகக் கேளுங்கள்.

“ஆம்” என்றால் அவனைத் தனியே விடாதேயுங்கள். தோட்டத்துச் சாளையில் வைத்த பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தபின், பத்தாண்டில் தற்கொலை பாதியாய்க் குறைந்தது. பிறகு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ, வேறு மனநல வைத்தியரிடமோ அழைத்துச் சென்று, குடியையும் சாவெண்ணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். “முதலில் குடியை நிறுத்தட்டும், மனசைப் பிறகு பார்ப்போம்” என்பது தவறு. நெடுநாள் குடித்தவன் வீட்டில் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கும் வைத்தியர் வேண்டும். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

போலீசுக்கு அஞ்சி மறைக்கவேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், உயிர்விட முயன்றவனைத் தண்டிக்காமல், கடும் மன உளைச்சலில் இருந்தவனாக எண்ணிப் பராமரிக்கச் சொல்கிறது.

திருச்சபைக்கு அஞ்சியும் மறைக்கவேண்டாம். ஐந்தாம் கற்பனை மாறவில்லை; உயிர் சர்வேசுரனுடையது. ஆயினும் கடும் மனவேதனை ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அப்படி மாண்டவர்களின் இரட்சணியத்தைப் பற்றி நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 1992-ம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி போதிக்கிறது. அடக்கப் பூசை மறுக்கும் பழைய விதி 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அவ்விதம் ஒருவரை இழந்து, தலைகுனிந்து கோயிலுக்கு வரும் குடும்பத்தாரே, தலைநிமிர்ந்து வாருங்கள்.

மற்றவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் குடியால் நொந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். புத்திமதி பிறகு சொல்லலாம். முதலில் சம்மனசு செய்ததுபோல் ஒரு வேளை உணவு கொண்டுபோங்கள், அதன்பின் கேளுங்கள். வியாகுல மாதா அவ்வீடுகளுக்காக மன்றாடுவாராக. ஆமென்.