உடையாத விமானம்

போன வருடம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு சோளக்காட்டுக்குள், என்னைவிட உயரமான தட்டைகளை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவருடைய விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை உடைத்தவன் நான்தான். என்னுடைய விமானம் அந்நேரம் மைதானத்தில் என் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. மூக்கில் ஒரு சின்னக் கீறல். வேறு ஒன்றுமில்லை.

விமானம் என்றால் மாதிரி விமானம்தான். நாலடி இறக்கை, ரேடியோ ரிமோட், இரண்டாம் உலகப்போர் விமானத்தின் சாயல். அதை வைத்து நாங்கள் சண்டை போடுகிறோம். குண்டு கிண்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு விமானமும் வாலில் ஒரு நீளமான க்ரேப் பேப்பர் நாடாவை இழுத்துக்கொண்டு பறக்கும். அடுத்தவன் நாடாவை உன் ப்ரொப்பெல்லராலோ இறக்கையாலோ அறுத்தால் உனக்குப் புள்ளி. உன் நாடா மிச்சமிருந்தால் அதற்கும் புள்ளி. பட்டம் விட்டு டீல் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு வித்தியாசம், பட்டம் மோதினால் ஒன்றும் ஆகாது. இங்கே மோதும். தரையில் நிற்கிறவனுக்கு விமானம் இடமா வலமா, மேலா கீழா என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. ஆகாயத்தில் இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் ஒன்று இருபதடி முன்னால் இருக்கும். பத்தில் ஒன்பது தடவை ஒன்றையொன்று கடந்து போய்விடும். பத்தாவது தடவை சத்தம் கேட்கும்.

அதனால் இந்த விளையாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் கேள்வி, எதால் செய்த விமானம் வாங்குவது என்பதுதான். மரபான விடை பால்சா. ஈக்வடாரிலிருந்து வருகிற, எடையே இல்லாத மரம். விலா எலும்பு மாதிரி ஒவ்வொரு துண்டாக அறுத்து, ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தோல் இழுத்து, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் விறைப்பாக்க வேண்டும். பறக்கும்போது அதைப்போல வேறெதுவும் இல்லை. மோதினால் சுள்ளி. அடுத்தது ஈபிபி எனப்படும் நுரை; கார் பம்பருக்குள் வைக்கிற அதே பொருள். மடங்கும், நசுங்கும், திரும்ப எழும்பும். பிய்ந்தால் மைதானத்திலேயே பசை போட்டு ஒட்டி அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம். கொஞ்சம் தொளதொளவென்று பறக்கும், அவ்வளவுதான். மூன்றாவது கோரோப்ளாஸ்ட். அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு. இங்கே தேர்தல் நேரத்தில் வீட்டு முற்றத்தில் வேட்பாளர் பெயரோடு நட்டு வைக்கிற பலகைகள் இதில்தான் செய்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் அதைப் பொறுக்கி, மடித்து, விமானம் செய்கிற ஒரு கூட்டமே உண்டு. அசிங்கமாக இருக்கும். கனமாக இருக்கும். கனம் என்பதால் வேகமாகப் பறந்தால்தான் மேலே நிற்கும். ஆனால் அதை உடைப்பது ரொம்பக் கஷ்டம்.

நான் கோரோப்ளாஸ்டைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முன் ஒரு பால்சா ஸ்பிட்ஃபயரை நாலு மாதம் உட்கார்ந்து கட்டியிருந்தேன். என்னை இந்த மைதானத்துக்கு முதலில் கூட்டிப்போனவர் உடன் வேலைபார்க்கும் திருநெல்வேலிக்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஸ்பிட்ஃபயரைப் பார்த்துவிட்டு, “எப்பா, இதச் சண்டைக்குக் கொண்டுட்டு வராத. மனசு கேக்காது” என்றார். வீட்டில் அலமாரி மேல் வைத்துவிட்டேன். இரண்டு சாயங்காலத்தில் ஒரு கோரோப்ளாஸ்ட் ஜீரோ தயாரானது. பச்சை ஸ்ப்ரே, இறக்கையில் சிவப்பு வட்டம். தூரத்தில் பார்த்தால் ஜீரோ, கிட்டத்தில் பார்த்தால் வேட்பாளர். விலை, வேலை, கவலை எல்லாமே குறைந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

பெரியவர் கொண்டுவந்தது பால்சா ஹெல்கேட். இரண்டு குளிர்காலம் எடுத்துக் கட்டியதாகச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு ஏன் சண்டைக்கு வந்தார் என்றால், சண்டைக்காகச் செய்த விமானத்தை அலமாரியில் வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நடந்தது முறையான போட்டியும் இல்லை. ஆறேழு பேர், அவரவர் கையில் இருந்ததோடு பறந்தோம்.

நேருக்கு நேர் வந்தோம். அவர் விலகினார். நான் விலகவில்லை. அவர் மேலே இழுத்து இறக்கையைச் சாய்த்தபோது முழு இறக்கையும் என் மூக்குக்கு முன்னால் விரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, பப்படம் நொறுக்கிய மாதிரி. ஒரு துண்டு மெதுவாகச் சுழன்றுகொண்டு காட்டுக்குள் இறங்கியது. என் ஜீரோ ஒரு குலுங்கு குலுங்கி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

பெரியவர் சிரித்தார். இதற்குத்தானே கொண்டுவந்தோம் என்றார். காரில் திரும்பும்போது அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார்: “அவரு தெரிஞ்சுதான வந்தாரு. நீ ஏன் மூஞ்சிய இப்டி வச்சிருக்க?” வாதமாகப் பார்த்தால் சரி. விதியை யாரும் மீறவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் சம்மதித்த ஆட்டத்தில் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் அது அநியாயம் ஆகிவிடாது.

என்னை உறுத்தியது அந்த அரை நொடி. விலகலாமா வேண்டாமா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. ஸ்பிட்ஃபயரோடு இருந்திருந்தால் கை தானாக இழுத்திருக்கும். என் கையை நிறுத்தியது துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, அது தேர்தல் பலகை. மோதினால் எனக்கு என்ன ஆகும் என்ற பயம் போனதோடு, மோதினால் அவருக்கு என்ன ஆகும் என்ற நினைப்பும் சேர்ந்து போய்விட்டது. இரண்டும் ஒரே வயரில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் சீக்கிரம் உடை, அடிக்கடி உடை என்று மந்திரம் மாதிரி சொல்வோம். யாருடையது உடைகிறது என்று எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜத்தில் எங்கள் விமானங்களின் கதை நேர்மாறானது. ஜீரோவை வடிவமைத்த ஜீரோ ஹோரிகோஷிக்கு (பெயர்ப் பொருத்தம் தற்செயல்) கடற்படை கேட்டது தூரம், வேகம், வளைந்து திரும்பும் லாவகம். கையில் இருந்த எஞ்சின் சக்தி போதாது. எனவே ஒவ்வொரு கிராமையும் குறைத்தார்கள். விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. தோட்டா பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. 1940இல் சீன வானத்தில் அது பறந்தபோது அதற்கு ஈடில்லை. பின்னாளில், ஒரு சில குண்டுகள் சரியான இடத்தில் பட்டாலே தீப்பற்றியது. ஹெல்கேட் செய்த க்ரம்மன் தொழிற்சாலைக்கோ ‘இரும்புப் பட்டறை’ என்று பட்டப்பெயர். சல்லடையான ஹெல்கேட்டுகள் கப்பலுக்குத் திரும்பி வந்தன. அங்கே உறுதி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் திரும்பி வரவேண்டும்.

உள்ளே ஆள் இல்லாத விமானமும் அந்தப் போரிலேயே இருந்தது. ரெஜினால்ட் டென்னி ஒரு ஹாலிவுட் நடிகர், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். 1930களில் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை வைத்தார். அந்தப் பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ரேடியோப்ளேன் நிறுவனம். ராணுவத்துக்கு அது செய்துகொடுத்தது ரேடியோவால் இயங்கும் சின்ன விமானங்கள், தரையிலிருந்து பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கு. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 15,000. மர்லின் மன்றோ நடிகையாவதற்கு முன்னால் வேலைபார்த்தது அந்தத் தொழிற்சாலையில்தான். சுடப்படாமல் தப்பியது இறங்க ஒரு பாராசூட் வைத்திருந்தார்கள். மறுநாள் திரும்பச் சுடலாம் இல்லையா.

அங்கிருந்து இன்றைக்கு வருகிற தூரம் ரொம்பக் கம்மி. உக்ரைன் போரில் இரு பக்கமும் பறக்கவிடுகிற எஃப்பிவி ட்ரோன்களின் மோட்டார், கண்ணாடி, சட்டகம் எல்லாம் பந்தயப் பொழுதுபோக்கிலிருந்து போனவை. பொழுதுபோக்காளர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிய பீட்டாஃப்ளைட் என்ற திறந்தமூல மென்பொருள் பல ட்ரோன்களில் ஓடுகிறது. என் அலமாரியில் இருக்கும் குவாட்காப்டரிலும் அதுதான் ஓடுகிறது. என் சோளக்காட்டையும் அந்தப் பதுங்குகுழிகளையும் ஒன்றாக்குகிற அசட்டுத்தனத்தை நான் செய்யமாட்டேன். அங்கே ஓட்டுகிறவனையும் எதிரி தேடிக்கொண்டிருக்கிறான், உயிருக்குப் பயந்துதான் ஓட்டுகிறான். என்னுடையது அதைவிட அற்பமான விஷயம், அதனால்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத இடத்தில் என் விரல் என்ன செய்கிறது என்பதை நான் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பெரியவர் மைதானத்துக்கு வரவில்லை. செப்டம்பரிலும் வரவில்லை. ஒருநாள் வரிசையாக நிறுத்தியிருந்த விமானங்களைப் பார்த்தேன். நுரை, நுரை, கோரோப்ளாஸ்ட், நுரை. பால்சா ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பையன், எது வாங்கலாம் என்று கேட்டான். “இங்க எல்லாரும் இதத்தான் வச்சிருக்காங்க” என்று சொல்ல வாயெடுத்தபோது ஆபிரகாம் வால்ட் ஞாபகம் வந்தார்.

டேட்டா படித்தவர்களுக்கு வால்டைத் தெரிந்திருக்கும். 1902இல் இன்றைய ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பிறந்த யூதர், 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தார். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில், அடிபட்டுத் திரும்பும் விமானங்களைக் கொண்டு திரும்பாதவற்றைப் பற்றி எப்படிக் கணிப்பது என்று 1943இல் எழுதினார். சிவப்புப் புள்ளிகள் போட்ட அந்தப் பிரபலமான படம் பிற்காலத்தில் யாரோ வரைந்தது. கணக்கு அவருடையது. நீ பார்க்கிற ஓட்டைகள் பிழைத்து வந்தவற்றின் ஓட்டைகள். எஞ்சினில் அடிபட்டது உன் கண்ணில் படவே இல்லை, அது கடலில் கிடக்கிறது. அவருடைய முடிவு நம்மூர்ப் பக்கம். 1950 டிசம்பரில் சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்திருந்தபோது, அவரும் மனைவியும் போன விமானம் நீலகிரி மலையில் மோதி விழுந்தது. ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இது எனக்கு இண்டியானாவில் உட்கார்ந்து படித்துத்தான் தெரியும்.

எங்கள் மைதானத்தில் எந்த விமானம் நீடிக்கும் என்பதற்குச் சாட்சி சொல்ல இருக்கிறவர்கள் எல்லாம் மோதலுக்குப் பின்னும் மைதானத்தில் இருக்கிறவர்கள். திரும்பி வராத ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்கான அமெரிக்க அமைப்பின் தலைமையகம், அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், மன்சியில் இருக்கிறது. அவர்களுடைய போட்டி வகைகளில் ஒன்றின் பெயர் ஸ்லோ சர்வைவபிள் காம்பாட். மெதுவான, பிழைத்துப் போகக்கூடிய சண்டை. எஞ்சின் அளவுக்கு வரம்பு, சுழல் வேகத்துக்கு வரம்பு, குறைந்தபட்ச எடை என்று கட்டுப்பாடுகள். முதலில் படித்தபோது பாட்டிமார் சண்டை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். இப்போது படித்தால், உட்கார்ந்து எழுதினவனுக்கு என்னைமாதிரி ஒருத்தனோடு பழக்கம் இருந்திருக்கும்போல் தோன்றுகிறது. ஆனால் அதுவும் பாதி விடைதான். எந்த விதியும் பெரியவருடைய இரண்டு குளிர்காலத்தை எடை போடாது.

அக்டோபரில் அவருக்கு மெயில் போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அழித்தேன். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. கராஜ் மேஜையில் ஹெல்கேட்டின் இறக்கை, உடைந்த விலாக்களில் பென்சிலால் எண் போட்டு அடுக்கியிருந்தார். கீழே ஒரே வரி: ஏழாம் நம்பர் துண்டு இல்லை, அறுவடை முடிந்ததும் காட்டில் பார்க்க முடியுமா?

போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு பால்சா தகடு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வசந்தத்தில் வருவாரா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்பிட்ஃபயர் இன்னும் அலமாரி மேலேதான். அதை எடுத்துக்கொண்டு போகிற தைரியம் எனக்கு வரவில்லை. ஜீரோவைத்தான் கொண்டுபோகிறேன். பறக்குமுன் பக்கத்தில் நிற்பவரிடம், உங்களோடது எதில் செய்தது என்று கேட்கிறேன். விமானத்தைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிலர் பத்து நிமிடம் பேசுகிறார்கள்.