நேர்முகப் பரீட்சையில் நீதி எது?



பெயரைப் பார்த்தே ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பது அநீதி என்பதில் எம்மவரிடையே இரண்டு கருத்து இல்லை. 2009 இல் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எண்ணிக்கையாகவே காட்டினார்கள். சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் நகரங்களில் 4,000 க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகைமை ஒத்தது, பெயர்தான் வேறு. ஆங்கிலப் பெயருக்குக் கிடைத்த அளவு அழைப்புகளைப் பெற, சீனப் பெயருடையவர் 68 வீதமும் மத்திய கிழக்குப் பெயருடையவர் 64 வீதமும் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பெயரை மறைத்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா?

எம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விபரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவரது உறவினருக்கும் இடமில்லை. கணக்காளனான எனக்கு இவ்விதி மிகவும் பிடித்தது! ஆனால் ஓலை குடத்துக்குள் போவதற்கே வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். எடுத்த கையில் பாரபட்சம் இல்லை. குடத்தின் வாயோ பலருக்கு மூடியே இருந்தது.

ஆகவே கண்ணைக் கட்டிக்கொள்வது பாதி நீதிதான். “எல்லோருக்கும் ஒரே விதி” என்பதும் அப்படியே. இதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் 1962 இல் எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவ்வழக்கு 1969 இல் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அவருக்கு வேலை தெரியாது என்பதல்ல அங்கு பிரச்சினை. விதி ஒன்று, சுமை ஒரு சாராரின் தலையில்.

இங்கும் அவ்வாறே. காது கேளாதவரைத் தொலைபேசியில் பரீட்சிப்பதும், சக்கர நாற்காலியில் வருபவரை மாடிக்கு அழைப்பதும், அகதி முகாமில் கழிந்த ஆண்டுகளைச் சோம்பல் என்று எண்ணுவதும் தகைமையை அளப்பதாகாது. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது சலுகை ஆகாதா என்று சிலர் கேட்பர். வேகமாகப் பதில் சொல்வதே அந்த வேலையானால் அது சலுகைதான். பேரேட்டைச் சரியாக எழுதுவது வேலையானால், நாம் அளக்க வேண்டியது அதை மட்டுமே. அளவுகோலைத் தாழ்த்த வேண்டாம். சரியான பொருளை அளப்போம்.

இன்று எம்மில் பலர் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறோம். வெரிபீயிலும் சுற்றுப்புறங்களிலும் கடையும் அலுவலகமும் நடத்தி ஆட்களைத் தெரிவு செய்கிறோம். அன்பு காரணமாக அறிவற்றவரைத் தேர்வதை வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் கண்டிக்கிறார். வேலைக்கு என்ன தேவை என்பதை முதலில் எழுதி வைப்போம். எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்போம். வருவதற்கு ஏதும் வசதி வேண்டுமா என்று அழைக்கும்போதே விசாரிப்போம். ஒருவர் மட்டும் இருந்து முடிவெடுக்காமல் இருவராவது அமர்வோம்.

“நீங்கள் எந்த ஊர்?” என்ற கேள்வி மட்டும் வேலை கொடுத்த பிறகு, தேநீர் வேளைக்கு இருக்கட்டும்.