பகல் முறைக்காரர்

திருநெல்வேலியில் சந்தையடியும் பல்கலைக்கழகத்தடியும் எவ்வளவு நெரிந்தாலும், உள்ளொழுங்கை வளவுகளில் ஆட்டுக்கொட்டிலும் புறாக்கூடும் இன்னும் உண்டு. இரண்டும் ஒரே வளவில் இருந்தால் பார்க்க ஒரு வேடிக்கை அகப்படும்.

மறியாடு ஐந்து மாதம் சுமந்து குட்டி போடும். அன்றே குட்டி எழும்பி மடியைத் தேடும். கடும்புப்பால் குடியாத குட்டி தப்புவது கடினம். குட்டி வயிற்றுக்குள் இருக்கும்போது நோயை எதிர்க்கும் பொருள் அதற்குப் போய்ச் சேர்வதில்லை, அந்த முதற்பாலில்தான் வரவேண்டும். (கோழி அதை மஞ்சட்கருவுக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறது.) கிடாய் எங்கே? எங்கேயோ குழை தின்றுகொண்டு நிற்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பால் தாயிடம் மட்டும் இருக்கும்போது, கிட்ட நின்றாலும் அது எதைக் கொடுக்கும்? தகப்பன் பிள்ளை வளர்க்கிற பாலூட்டி இனங்கள் பத்தில் ஒன்றுகூட வராது.

பறவைக்குத் தீன் வெளியில் கிடக்கிறது. கொத்திவர அலகு போதும். அது இருவருக்கும் உண்டு. ஆகவே பத்தில் எட்டு இனங்களில் தாயும் தகப்பனும் சேர்ந்தே வளர்க்கின்றன. புலுனிகளில் கூட்டத்திலுள்ள மற்றவையும் வந்து ஊட்டும். தூக்கணாங்குருவி வேறு சாதி. ஆண் பாதிக்கூடு பின்னும், பேடு பார்த்துச் சம்மதித்தால் மீதியை முடிக்கும், பிறகு அடுத்த கூடு பின்னப் போய்விடும். பாடப்புத்தகம் புகழும் அந்தக் கட்டடக்காரனின் குஞ்சுகளை வளர்க்கிற பாடு பெரும்பாலும் பேட்டுக்குத்தான்.

கணக்கையே குழப்புவது புறா. அதுவும் பால் கொடுக்கிறது. தீன்பையின் உட்சுவர் தடித்து உதிர்ந்து, தயிர்க்கட்டி மாதிரிக் கொழுப்பும் புரதமுமாகத் திரள்கிறது; குஞ்சுக்கு முதல் நாட்களில் வேறு உணவில்லை. இது ஆணிடமும் ஊறுகிறது. ஊறவைப்பது புரோலாக்டின், நம் தாய்மாருக்குப் பால் சுரக்கவைக்கும் அதே ஓமோன். 1930களில் அமெரிக்கரான ஒஸ்கார் ரிடிலின் குழு அதற்கு அந்தப் பெயரை வைத்தபோது, அதைச் சோதித்து அளந்ததே புறாவின் தீன்பையில்தான். பால் ஆணுக்கும் கிடைத்த இடத்தில் ஆண் கூட்டைக் கைவிடுவதில்லை.

அடைகாப்பதும் முறை வைத்துத்தான். பின்னேரம் தொடங்கி அடுத்த நாள் முற்பகல்வரை பேடு, மீதிப் பகலில் ஆண். மத்தியானம் கூட்டுக்குள் கைவிட்டால் கொத்துகிறவர் அனேகமாகத் தகப்பன்.