விதியும் ஒரு சிறு வெட்டும்

ஒரு ரேமைக் கையில் எடுத்து அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். தங்க நிறத் தகடுகளின் வரிசையில், நட்டநடுவே இல்லாமல் சற்றுத் தள்ளி ஒரு சிறு வெட்டு இருக்கும். மதர்போர்டின் ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு. திருப்பி வைத்தால் ரேம் உட்காராது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனாலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. பிராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம், சாக்கெட்டின் மூலையிலும் அதே குறி. சாட்டா கேபிளின் வாய் ‘எல்’ வடிவம். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரில் சில துளைகள் சதுரமாகவும் சில துளைகள் மூலை மழுங்கியும் இருக்கும், பக்கவாட்டில் ஒரு கொக்கி. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கூடச் சில நாளில் இதையெல்லாம் பொருத்திவிடுகிறான் என்றால், அவன் கெட்டிக்காரத்தனம் பாதி. மீதி, அவன் எங்கே தவறுவான் என்று முன்னாலேயே யோசித்து வைத்த யாரோ ஒருவருடையது.

இந்த யோசனை தொடக்கத்திலேயே இருந்துவிடவில்லை. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவரும்வரை மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி கனெக்டர்கள் வழியாகப் போனது. பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஆறாறு கம்பி, அச்சில் வார்த்தாற்போல ஒரே உருவம், பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போகும். சுவிட்சைப் போட்டதும் போர்டு போய்விடும். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர்ந்து வர வேண்டும் என்பது மட்டுமே பாதுகாப்பு, அதுவும் மனப்பாடமாக. மறந்தவர் கையில் போர்டு கருகியது. அந்த நாளில் அப்படிக் கருகிய ஒரு போர்டைப் பார்த்து “நேரம் சரியில்லை” என்று ஒருவர் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஏடிஎக்ஸ் அந்த இரண்டையும் ஒரே கனெக்டராக்கி, ஒரு வழியில் மட்டும் செருகும்படி வடித்தது. அதன்பின் அந்த விபத்து நடப்பதில்லை. மனிதர்களின் நேரம் மாறவில்லை, கிரகங்களும் இடம் மாறவில்லை; ஒரு துண்டு பிளாஸ்டிக்கின் உருவம் மாறியது.

ஒரு பிளாஸ்டிக் வார்ப்பால் நிறுத்திவிட முடிகிற ஒன்றை விதி என்று சொல்லலாமா? மதர்போர்டோடு முடிகிற கேள்வியாக இருந்தால் இதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு உயிர்களின் எடை இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு கூட்டச் சாவு. இடையிலும் பிறகும் இரண்டும் நான்குமாக இறந்தவர்களை வெளியூர்க்காரர்கள் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் செய்தியில் அதே வரி வருகிறது: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து. துக்க வீட்டில் அதே சொற்கள் கேட்கின்றன: தலையெழுத்து, விதி முடிந்துவிட்டது, அன்றைக்கு அவள் வேலைக்கே போயிருக்கக் கூடாது. உராய்வு என்ற காரணமும் விதி என்ற காரணமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டுமே அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லி வாசலை அடைத்துவிடுகின்றன.

விதியைப் பற்றி நம் மண்ணில் சொல்லப்பட்டவற்றுள் மிக உறுதியான சொல் இதே மாவட்டத்தில் பிறந்தவருடையது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், 1898-இல் தம்மை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த தாயாருக்கு ஒரு சீட்டில் பதில் எழுதிக் கொடுத்தார். அதன் சாரம்: அவரவர் பிராரப்தப்படியே, அதாவது இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினைப்படியே, இறைவன் நடத்துகிறான், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பதை என்ன தடுத்தாலும் நிறுத்த முடியாது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது. இதைவிட ஐயமற்ற நியதிக் கூற்று கிடைப்பது அரிது. பட்டாசு ஆலை விபத்தும் இப்படித்தான் என்று ஒரு பக்தர் வாதிட்டால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சீட்டு யாரைப் பற்றி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். எழுதியவர் தம்மைப் பற்றி எழுதினார். தம் வீடு, தம் உடல், தம் திரும்பிப் போதல் ஆகியவற்றில் தமக்கு இருந்த பிடிப்பை விட்டதற்கான காரணத்தைச் சொன்னார். அடுத்தவர் உயிரைக் காப்பதற்கு நான் ஏன் முயல வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. அதே ரமணர் பின்னாளில் ஆசிரமச் சமையற்கட்டில் தாமே காய் நறுக்கினார், சிந்திய ஒரு மணி அரிசியைக்கூட வீணாக விடமாட்டார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எது நடக்க வேண்டுமோ அது நடக்கும் என்று உலையை யார் பொறுப்பிலும் இல்லாமல் விட்டவர் அல்லர் அவர்.

விதியா முயற்சியா என்பது தமிழில் பழைய வழக்கு. மணிமேகலையில், எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற ஆசீவகர் தம் கொள்கையைச் சொல்கிறார். நீலகேசியில் ஆசீவக வாதத்துக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது, அங்கே சமணத்தின் பக்கம் நின்று நீலகேசி அதை எதிர்க்கிறாள். வள்ளுவரும் 38-ஆம் அதிகாரமாக ஊழை வைத்துவிட்டு 62-ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிட அவர் முயலவில்லை. இந்த வழக்கில் எனக்கு மிக வலுவாகப் படுவது சமண ஆகமமான உவாசகதசாவில் வரும் ஒரு பட்டறைக் காட்சி. சத்தாலபுத்தர் என்ற குயவர் ஆசீவகர். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, முயற்சி என்று ஒன்று கிடையாது என்பவர். வெயிலில் காயும் பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். இல்லை என்கிறார் குயவர். அப்படியானால் ஒருவன் வந்து இந்தப் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டி வைப்பேன் என்கிறார். முயற்சி என்பதே இல்லையென்றால் அவனை எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்டதும் குயவருக்குப் பதில் இல்லை. இந்த வாதம் நியதி பொய் என்று காட்டவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நியதியைப் பேசுகிறவர் தன் பானை உடைந்தால் அதைப் பேசுவதில்லை என்பதைத்தான் காட்டுகிறது. பட்டாசு ஆலையில் சரக்கு திருடுபோனால் தலையெழுத்து என்று விட்டுவிடும் முதலாளி யார்?

இங்கே ஒரு மறுப்பு வரும். கனெக்டருக்கு அந்த வடிவம் வர வேண்டும் என்பதும் விதிதானே, 1995 வரை போர்டுகள் கருக வேண்டும், அப்புறம் கருகக் கூடாது என்று எழுதியிருந்தது என்று சொல்லலாம். சொல்லலாம்தான். அப்படி எல்லாவற்றையும் விழுங்கிவிடும் விதி யாரையும் காப்பாற்றவும் செய்யாது. வெடித்தது விதி என்றால், விசாரணை வருவதும் உரிமம் ரத்தாவதும் ஜெயிலும் விதிதான். எல்லாச் செயலுக்கும் சமமாகப் பொருந்துகிற ஒரு சொல்லை ஒரு செயலுக்கு மட்டும் சமாதானமாகப் பயன்படுத்தும்போதுதான் அது வேலை செய்வதுபோலத் தோன்றுகிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மதர்போர்டு ஆயிரங்களில் விலைபோகும் ஒரு பலகை, பட்டாசு மருந்து அப்படியா? அலுமினியப் பொடிக்கும் கந்தகத்துக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கும் வெட்டு வைக்க முடியாது, எந்தக் கையிலும் அவை கலக்கும், எந்த உராய்விலும் பற்றும் என்பார்கள். இதில் பாதி உண்மை. எரிவதற்காகவே செய்யப்படும் பொருளிலிருந்து எரியும் குணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் மதர்போர்டிலும் எல்லா இடத்திலும் வெட்டு இல்லை. கேபினெட்டின் முன்பக்கச் சுவிட்சுகளிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளை, போர்டின் ஓரத்தில் நெருக்கமாக நிற்கும் பின்களில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். கண்ணைக் குத்தும் வேலை, எப்படியும் செருகலாம். ஏன் விட்டுவைத்தார்கள்? பவர் சுவிட்சின் இரு பின்னை மாற்றினாலும் அது வேலை செய்யும். விளக்கின் பின்னை மாற்றினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். மின்சாரம் பாயும் இடத்தில், தவறினால் பொருள் அழியும் இடத்தில் மட்டும் வடிவமே காவலாக நிற்கிறது. அது பிசகிய இடமும் உண்டு. ஒரு காலத்துப் போர்டுகளில் யுஎஸ்பி-க்கான பின்களும் ஃபயர்வயருக்கான பின்களும் ஒரே தோற்றத்தில் நின்றன. மாற்றிச் செருகினால் போர்டு கெடும் என்று கையேட்டில் எச்சரிக்கை அச்சிட்டார்கள். வடிவத்தில் செய்யாமல் விட்டதைக் காகிதத்தில் செய்யப் பார்த்தார்கள். கையேடு படிக்காதவருக்கு அது உதவவில்லை.

எங்கே தவறு பொறுக்கத்தக்கது, எங்கே பொறுக்க முடியாதது என்று முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பது பட்டாசுத் தொழிலுக்கும் தெரியாதது இல்லை. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து மருந்து செய்வது 1992-இலேயே நாட்டில் தடை செய்யப்பட்டது. சந்திக்கக் கூடாத இரண்டைச் சந்திக்கவிடாத ஏற்பாடு அது. நிலைமின்சாரத்துக்கும் வழி இருக்கிறது. மனிதத் தோலுக்கு உறைக்க ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் வேண்டும். அதற்கு எவ்வளவோ கீழே, நமக்குத் தெரியாமலே, சிப் செத்துப்போகும். நுண்ணிய மருந்துப் பொடிக்கும் நமக்கு உறைக்காத பொறியே போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் ரேமைத் தொடும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொடச் சொல்கிறார்கள். அதனால்தான் மருந்து அறையின் வாசலில் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். பருத்தி உடை, பித்தளையும் மரமுமான கருவிகள், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, மருந்து வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு. கடைசி இரண்டும் பொறி விழுவதைத் தடுக்காது. விழுந்தால் சேதம் அந்த அறையோடு நிற்கும். ஷார்ட் ஆனதும் எஸ்எம்பிஎஸ் தானே அணைந்து மற்றதைக் காப்பாற்றுவதும் இதே யோசனைதான். உராய்வு தவிர்க்க முடியாதது என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது: சரி, உராய்வு தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்வோம். அது நான்கு பேர் அறையில் நடந்ததா, கூட்டம் சேர்ந்த அறையில் நடந்ததா? அதை உராய்வு தீர்மானிக்கவில்லை. ஆர்டரும் தீபாவளித் தேதியும் பீஸ் ரேட்டும் உள்குத்தகையும் தீர்மானித்தன. உரிமம் ஒருவர் பெயரில், ஷெட்டு பலர் கையில் என்று ஆகும்போது, ரேமின் வெட்டை அரத்தால் தேய்த்து அகலப்படுத்தித் திருப்பிச் செருகுவது போன்ற காரியம்தான் நடக்கிறது. அதன்பின் வெடிப்பதை விதி என்று சொல்வது விதிக்கும் அநியாயம்.

இப்படியெல்லாம் வடிவத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனிதனுக்குக் கவனம் என்ற அறம் எதற்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. தவறவே முடியாத இடத்தில் ஒழுங்காக இருப்பதில் என்ன பெருமை? எனக்கு இது உயிரோடு இருப்பவர்களின் கேள்வியாகப் படுகிறது. கவனம் என்பது நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கிற பொருள் இல்லை. மத்தியான வெயிலில், கூலி எண்ணிக்கையில் போகும்போது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அது குறையும். குறையாது என்று எதிர்பார்ப்பவர் தொழிலாளியிடம் முனிவரின் மனத்தைக் கேட்கிறார், கொடுப்பதோ தினக்கூலி. கனெக்டரை வார்த்தவர் அப்படிக் கேட்கவில்லை. தான் பார்த்தே இராத ஒருவன் என்றைக்கோ அசந்துபோவான் என்று எண்ணி, அவனுக்காகத் தன் மேசையில் உட்கார்ந்து கவனமாக இருந்தார். நம் மரபு அருள் என்று எதைச் சொல்கிறதோ, அதற்கு இது மிக அருகில் வருகிறது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

கணவனைப் பறிகொடுத்தவள் தலையெழுத்து என்று சொல்லும்போது அவளைத் திருத்த வேண்டியதில்லை. அவளுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது; அவள் அதைத் தன்னைப் பற்றிச் சொல்கிறாள், ரமணர் சொன்ன இடத்திலிருந்து சொல்கிறாள். அதே சொல்லை ஆலையை நடத்தியவர் சொல்லும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது. மறுப்பதற்கு நாத்திகம் தேவையில்லை, சைவ சித்தாந்தமே போதும். அது வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்தது சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிப்பது பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இறந்தவர்களின் பிராரத்தத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நான்கு பேர் அறைக்குள் ஐந்தாவது ஆளை உட்காரச் சொன்ன காலையில் உரிமம் பெற்றவர் சேர்த்துக்கொண்ட ஆகாமியத்தைப் பற்றி அதே சாத்திரம் அதே அளவு தெளிவாகப் பேசுகிறது. அந்தப் பக்கத்தைத்தான் நாம் வாசிக்காமல் விட்டிருக்கிறோம்.