தலைகீழ் மலையில் ஒரு சஷ்டி

ஓம் சரவணபவ! 

கந்த சஷ்டி நெருங்குது. விரதம் இருக்கப் போறவங்க, முக்கியமா என் வயசுப் பசங்க, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நான் பண்ணின தப்பைத்தான் எழுதறேன்.

அமெரிக்காவுல அரிசோனாவில் வேலை பார்த்தப்போ எனக்கு மலைப்பாதையில் ஓடுற பழக்கம் வந்தது. ஒரு வருஷம் சஷ்டி நாலாம் நாள் சனிக்கிழமை. பாலும் பழமும்தான் ஆகாரம். அன்னைக்குப் பார்த்து கிராண்ட் கேன்யனில் ஓடப் போனேன். முந்தின நாளே, "விரதத்தோடு 9 மைல், முருகன் துணை"ன்னு ஸ்டேட்டஸ் போட்டாச்சு. அங்கேயே சறுக்க ஆரம்பிச்சது, அப்போ தெரியலை.

பழனியில் முதல்ல ஏறுவோம். மூச்சு வாங்கும், கால் வலிக்கும், மேலே அப்பன் நிற்பான், அப்புறம் இறங்குவோம். கிராண்ட் கேன்யன் இதற்கு நேர் எதிர், அது ஒரு தலைகீழ் மலை. முதல்ல இறக்கம். நான் போன பிரைட் ஏஞ்சல் பாதையில் நாலரை மைல் இறங்கினா ஹவாசுபாய் கார்டன்ஸ்னு மரங்களும் ஓடையும் உள்ள ஒரு இடம். அதற்குள் சுமார் 3,000 அடி கீழே போயிடுவோம். ஏறுவதற்கு இறங்கினதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும்னு பூங்காக்காரங்களே எச்சரிப்பாங்க.

காலைக் குளிரில் சிவந்த பாறைகளுக்கு நடுவே கால் தானாப் பறந்தது. கோவேறு கழுதைகள் வந்தப்போ மட்டும் ஒதுங்கி நின்னேன். அந்தப் பள்ளத்தாக்கில் சிவன், விஷ்ணு, பிரம்மா பேரில் சிகரங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியல் அறிஞர் தொடங்கி வெச்ச வழக்கம். அப்பா இருக்கார், மாமா இருக்கார், என் கையில இருந்த மேப்பில் பிள்ளையை மட்டும் காணோம்! சிரிச்சுக்கிட்டே இறங்கினேன்.

திரும்பி ஏறும்போதுதான் வெயில் வந்தது. பாலைவனக் காத்துல வேர்வை உடனே காய்ஞ்சிடும். உடம்பிலிருந்து எவ்வளவு போகுதுன்னே தெரியாது. நான் வெறும் தண்ணியாக் குடிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் தலை சுத்தல், குமட்டல். வளைவுக்கு மேல வளைவு, உச்சி மட்டும் அப்படியே தூரத்தில் நிக்குது. ஒரு பாறை நிழல்ல சாய்ஞ்சுட்டேன்.

அந்த வழியா இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துட்டு நின்னார். என்ன சாப்பிட்டே, எவ்வளவு தண்ணி குடிச்சேன்னு விசாரிச்சார். சொன்னேன். உடனே பையிலிருந்து உப்புத் தூவின பிரெட்செல் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். வேர்வையில் உப்பு போய், மேற்கொண்டு தண்ணியா மட்டும் ஊத்தினா ரத்தத்தில் சோடியம் இறங்கிடும், அது உயிருக்கே ஆபத்துன்னார்.

நான் வேண்டாம்னேன். மறுபடி நீட்டினார், மறுபடியும் வேண்டாம்னேன். அப்போ மனசுல ஓடினது முருகன் இல்லை. அந்த ஸ்டேட்டஸ்தான்.

அவர் கோபப்படலை, விட்டுட்டுப் போகவும் இல்லை. பையை இறக்கி வெச்சுட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துட்டார். என்னால அவர் பயணம் நின்னு போச்சேன்னு நினைச்சப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒண்ணு எடுத்து வாயில போட்டேன். அரை மணி நேரத்தில் தலை தெளிஞ்சது. மெதுவா, நின்னு நின்னு, "முருகா முருகா"ன்னு சொல்லிக்கிட்டே ஏறி வந்தேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி, "விரதம் கெட்டுப் போச்சும்மா"ன்னு அழுதேன். அம்மா சொன்னாங்க: "சாப்பிட்டதால கெடலைடா கண்ணா. ஊருக்குக் காட்ட ஆரம்பிச்சியே, அப்பவே கெட்டுப் போச்சு. அந்தப் பெரியவர் கையில உப்பைக் குடுத்து அனுப்பினது யாருன்னு நினைக்கிறே?"

அடியார்களே, சூரபத்மன் தவம் செய்யாதவன் இல்லை. பெரிய தவம் செய்து வரம் வாங்கினவன். அந்தத் தவமே அவனுக்கு ஆணவம் ஆச்சு. கடைசியில் மாமரமா நின்னான், வேல் பிளந்தது. ஆனாலும் அப்பன் அவனைத் தள்ளிவிடலை. மயிலாக்கி ஏறிக்கொண்டான், சேவலாக்கிக் கொடியில் வெச்சுக்கொண்டான். ஆணவம் இறங்கும்போது சுகமாத்தான் இருக்கும், நாம பறக்கிற மாதிரியே தெரியும். ஏறி வரத்தான் அவன் கை வேணும். அந்தக் கை எந்த ஊர்க்காரர் உருவத்திலும் வரும். நீட்டும்போது பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்.

மேப்பில் தேடிக் கிடைக்காத பிள்ளை, பாதையில என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்.

இந்த சஷ்டிக்கு உடம்பு தாங்குற அளவு விரதம் இருங்க. மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. வெயில்ல வேலை இருந்தா பட்டினி வேண்டாம், பக்தியோட கவசம் படிச்சாப் போதும். யாருக்கும் சொல்லாம இருங்க. அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!